பிளாட்டுக்காரங்க எப்ப ஊர்க்காரங்க ஆவாங்க?

அழகர்கோவில்_ரோடு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

மதுரை அழகர்கோவில் ரோட்டுல கடச்சனேந்தலுக்கும் அப்பன்திருப்பதிக்கும் நடுவுல ஒரு லேஅவுட்ல இருக்கோம். வீடு கட்டி வந்து அஞ்சாறு வருசமாச்சு. அதுக்கு முன்னாடி சிம்மக்கல் பக்கம் காம்பவுண்டு வீடு. எட்டுக் குடித்தனம், ஒரு அடிபம்பு. சண்டைக்கும் பஞ்சமில்ல, ஆளுக்கும் பஞ்சமில்ல.

இங்க எண்பது தொண்ணூறு வீடு வந்துருச்சு. அதுல மூணுல ஒரு பங்கு வாடகைக்கு இருக்கறவங்க. சங்கம் இருக்கு, ஆர்ச் இருக்கு, சிசிடிவி இருக்கு. பொங்கலுக்கு உறியடி, மியூசிக்கல் சேர், நியூ இயருக்கு கேக். முதல் வருசம் கூட்டம் தாங்கல. போன வருசம் உறியடிக்குப் பானை அடிக்க ஆள் இல்லாம செயலாளர் மகனே ரெண்டு தடவை அடிச்சான்.

சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் எங்க ஆர்ச்சைத் தாண்டித்தான் போறார். நடுராத்திரிக்கு மேல பல்லக்கு வரும். பக்கத்துல இருக்கற பழைய ஊர்க்காரங்க மண்டகப்படி போட்டு, தீப்பந்தம், சர்க்கரைச் செம்புன்னு விடிய விடிய முழிச்சிருப்பாங்க. எங்க லேஅவுட் மட்டும் இருட்டா கிடக்கும். ஏன்னா எல்லாரும் அவங்கவங்க பழைய ஏரியாவுக்குப் போயிடறோம். நானும்தான். அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக்கு எங்கம்மா வீட்டாளுங்களோட நின்னாத்தான் எனக்குத் திருவிழா. பழைய ஊர்ல எங்களுக்குப் பேரே "பிளாட்டுக்காரங்க". தப்பா சொல்றதில்ல, ஒரு அடையாளத்துக்குச் சொல்றாங்க. ஆனா அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

இப்ப ஏன் கேக்குறேன்னா, கார்த்திகை மாசம் மூணாவது தெருவுல ஒரு பெரியம்மா இறந்துட்டாங்க. ஷாமியானா வண்டியும் ஐஸ் பெட்டியும் வந்து நின்னதைப் பாத்துத்தான் தெருவுக்கே தெரியும். வாட்ஸ்அப் குரூப்புல வரிசையா கைகூப்புற படம். அதுக்குக் கீழேயே ஒருத்தர் "இன்னைக்கு மோட்டார் போடலையா?"ன்னு கேக்குறார். நேர்ல போகலாமா, போனா யாரைத் தெரியும்னு சொல்லி உக்காருறதுன்னு யோசிச்சே பாதிப் பேர் போகல. தத்தனேரிக்குக் கொண்டு போக வண்டி வந்தப்ப தூக்க ஆள் பத்தல. மகன், மருமகன் தவிர வண்டி டிரைவரும் பந்தல்காரப் பையனும் கை குடுத்தாங்க. நாங்க பொம்பளைங்க பால்கனியில நின்னு பாத்துட்டு இருந்தோம்.

சங்கக் கூட்டத்துல இதைச் சொன்னேன். "ஆமா மேடம், ஒற்றுமை குறைஞ்சு போச்சு. இந்தப் பொங்கலுக்குப் பெரிய ஆர்கெஸ்ட்ரா வெச்சிருவோம்"னு முடிவு பண்ணிட்டாங்க. எனக்கு என்னவோ பாட்டுக் கேக்க வர்ற கூட்டம் தூக்க வராதுன்னு தோணுது. இதுக்கு எங்கயாவது வழி கண்டவங்க இருந்தா சொல்லுங்க.


நிம்மதி_போதும் எழுதியது:

அந்த எட்டுக் குடித்தனத்துல "இன்னைக்கு என்ன குழம்பு"ன்னு அடுப்படி வரைக்கும் வந்து மூடியைத் திறந்து பாத்தவங்களை மறந்துட்டீங்களா? அதுல இருந்து தப்பிக்கத்தானே லோன் போட்டு தனி காம்பவுண்டு சுவர் கட்டியிருக்கோம். யார் வீட்டுக்கு யார் வந்தா, பொண்ணு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்துச்சுன்னு கணக்கெடுக்குற ஊர் எனக்கு வேணாம். சாவுக்கு ஆள் இல்லைங்கறது வருத்தம்தான். அதுக்கு நாலு பேரோட நம்பர் இருந்தா போதும், நானூறு பேரோட உறவு வேண்டியதில்ல.


பாளை_கண்டக்டர் எழுதியது:

தங்கச்சி, ஆர்கெஸ்ட்ரா வேண்டாம். அந்தக் காசை மோட்டாருக்கு வச்சுக்கிடுங்க. நிம்மதி தம்பி சொல்லுததும் நியாயம்தான், அதுக்கு அப்புறமா வாறேன்.

நான் அரசு பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். திருநெல்வேலி – திசையன்விளை ரூட்டுலதான் பாதி ஆயுசு போச்சு. சொந்த ஊர் நாங்குநேரிக்குத் தெக்க. எங்க ஊர் அம்மன் கொடைக்கு, அதான் கோயில் திருவிழாவுக்கு, வரி பிரிப்பாவ. தலைக்கட்டுக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவுன்னு ஊர்க்கூட்டத்துல முடிவு பண்ணி, நோட்டைத் தூக்கிட்டு நாலு பெரியாளுக வீடு வீடா வருவாவ. ஒருத்தனுக்குக் கல்யாணம் முடிஞ்சுதுன்னா அடுத்த கொடைக்கு அவன் பேர் நோட்டுல ஏறிரும். அதுவரைக்கும் அவன் இன்னாரு மகன். வரி வந்த அன்னைக்குத்தான் அவன் தனி ஆளு. பம்பாய்ல தாராவியில கெடந்தவன்கூட அந்தக் காலத்துல மணியார்டர்ல வரி அனுப்பிருவான். கொடை முடிஞ்ச மறுநாள் கிடாக்கறியைக் கூறு போட்டு வரிக்கு ஒரு கூறு. ஊர்ல இல்லாதவன் கூறு அவன் அண்ணன் தம்பி வீட்டுக்குப் போயிரும். நோட்டீஸ்ல கீழ "இப்படிக்கு வரிதாரர்கள்"னு போட்டிருக்கும். அதுல பேரே இருக்காது. ஆனா ஊர்ல ஒவ்வொருத்தனும் அதைத் தன் பேராத்தான் வாசிப்பான்.

எதுக்குச் சொல்லுதேன்னா, நாம எல்லாரும் "வாங்க, சாப்பிடுங்க, பாட்டுக் கேளுங்க"ன்னு குடுத்துக் குடுத்து ஆளைச் சேக்கப் பாக்கோம். குடுத்தா விருந்தாளிதான் வருவான். விருந்தாளி கை கழுவிட்டுப் போயிருவான். கேட்டுப் பாருங்க, காசையோ வேலையையோ. கேட்டா மொதல்ல மொகம் சுளிப்பாவ. அப்புறம் நிப்பாவ.

இப்ப இருக்கது பாளையங்கோட்டை கே.டி.சி. நகர் பக்கம் ஒரு புது காலனி. உங்க லேஅவுட் மாதிரியேதான். சொந்த வீட்டுக்காரங்ககிட்ட மட்டும் வருசத்துக்கு ஒரு தொகை வாங்கி பேங்குல போட்டுருவாவ. வாடகைக்கு இருக்கவன்கிட்ட ஒத்த ரூவா கேக்கது கிடையாது. நல்ல மனசுதான். ஆனா பத்து வருசமா வாடகைக்கு இருந்த குடும்பத்தைக்கூட எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிட்டது இல்ல. காசு குடுக்காதவனை எப்படிக் கூப்பிட?

என்னையப் பொருளாளர் ஆக்கினாவ. கண்டக்டருக்கு வேற என்ன தெரியும், காசு பிரிக்கத்தான் தெரியும். வருசச் சந்தாவைத் தூக்கிப் போட்டுட்டு மாசம் அம்பது ரூவான்னு வச்சேன். சொந்த வீடு, வாடகை, மாடியில ஒத்தை ரூம்ல இருக்க பையன், எல்லாருக்கும் அதே அம்பது. பேங்குல வேண்டாம், வாசல்ல வந்து வாங்குவேன்னு சொல்லிட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஒரு தெரு. நீளவாக்கு நோட்டு, அதுல வீட்டு நம்பருக்குப் பதிலா ஆள் பேரு. புருசன் பேரு, பொஞ்சாதி பேரு ரெண்டும். "எங்க வீட்டுக்காரர் இல்ல, அப்புறம் வாங்க"ன்னு சொன்ன பொம்பளைகிட்ட, "ஒங்க பேரும்தாம்மா இருக்கு, நீங்களே குடுக்கலாமே"ன்னு சொன்னா ஒரு மாதிரி சிரிச்சுட்டு உள்ள போயி கடுகு டப்பாவுல இருந்து எடுத்துட்டு வருவாவ.

சொந்த வீட்டுக்காரங்க சில பேரு சண்டைக்கு வந்தாவ. "நேத்து வந்தவனும் நானும் ஒண்ணா? நாளைக்கு அவன் ஓட்டுக் கேப்பான்"னு. கேக்கட்டுமே.

கேட்டான். ரெண்டாவது தெருவுல வாடகைக்கு இருக்க ஒரு டீக்கடை மாஸ்டர். கூட்டத்துக்கே வராத மனுசன். வேப்ப மரத்தடியில மாசக் கணக்கு வாசிச்சுட்டு இருக்கேன், பின்னால இருந்து ஒரு சத்தம்: "ஃபுட்வால்வு எண்ணூறுன்னு எழுதிருக்கியளே, நான் போன வாரம் எங்க ஊர் தோட்டத்துக்கு ஐநூத்தி அம்பதுக்குல்லா வாங்கினேன்?" எல்லாரும் திரும்பிப் பாக்காவ. எனக்கு ரத்தம் ஏறிட்டு. பில்லை எடுத்துக் காட்டினேன். பித்தளை வால்வுக்கும் பிளாஸ்டிக் வால்வுக்கும் உள்ள வித்தியாசத்தை ரெண்டு பேரும் அரை மணி நேரம் பேசினோம். அடுத்த தடவை மோட்டார் கெட்டப்ப சாமான் வாங்க அவரையே அனுப்பினேன். இருநூறு ரூவா குறைச்சு வாங்கிட்டு வந்தாரு. அந்த மரத்தடியில கணக்குக் கேக்கதுக்கு முன்னால அவரு பேரு எங்க தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது.

அடுத்தது வேலை. தண்ணி வால்வு திறக்க ஒரு ஆளைச் சம்பளத்துக்குப் போட்டிருந்தாவ. அந்த ஆளு நின்னதும் புதுசா ஆள் தேட வேண்டாம்னு சொன்னேன். வால்வு திறக்க ஒரு இரும்புக் கம்பி உண்டு, இடுப்பு உயரம், மேல குறுக்க ஒரு பிடி. அந்தக் கம்பி வாரத்துக்கு ஒரு வீடு. உங்க வாரம்னா கதவுக்குப் பின்னால சாத்தி வச்சிருப்பிய, நேரத்துக்குப் போயி எங்க தெருவுக்கு இத்தனை நிமிசம், அடுத்த தெருவுக்கு இத்தனை நிமிசம்னு திறந்து மூடணும். ஒரு நிமிசம் கூடினா குறைஞ்சா நாப்பது போன் வரும். திட்டுவாவ. அந்தத் திட்டுலதான் எல்லாரோட நம்பரும் எல்லார் போன்லயும் பேரோட ஏறிச்சு. முடியாதவங்க, வயசானவங்க வீட்டு வாரத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக போவும். காலேஜ் படிக்க ஒரு பிள்ளை, தாத்தா வீட்டு வாரத்தை அதுவா எடுத்துக்கிட்டு. இதுல எல்லாம் நான் ஒண்ணும் சொல்லல.

2023 டிசம்பர் 17, 18 மழை ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டிச்சே, அந்த மழை. எங்க பக்கமும் முட்டளவு தண்ணி. கரண்டு இல்ல, டவர் இல்ல. வாட்ஸ்அப் குரூப்பு என்ன செய்யும்? நோட்டுதான் இருந்துது. எந்த வீட்டுல படுக்கையில கெடக்க ஆளு, எந்த வீட்டுல மாசமான பொண்ணு, எந்த மாடி ரூம் பையன் ஊருக்குப் போயிட்டான், எல்லாம் வாசல் வாசலா போனதுனால தெரியும். பேரை வாசிச்சு வாசிச்சு டார்ச்சு அடிச்சுட்டுப் போனோம். மாடி வீட்டுக்காரங்க எல்லாரும் கதவைத் திறந்து விட்டாவ. சொந்தக்காரன்னு நெனச்சு இல்ல, மாசாமாசம் பாத்த மொகம், அவ்வளவுதான்.

நிம்மதி தம்பிக்கு: நீங்க பயப்படுதது சரி. அதனாலதான் எங்க காலனியில யாரும் யாரு அடுப்படிக்கும் போறதில்ல. வாசலோட சரி. அம்பது ரூவாயும் ஒரு கம்பியும்தான் பேச்சு. கொழம்பு என்னன்னு கேக்கதுக்கு அங்க நேரமும் கிடையாது.


கிழக்குத்தெரு எழுதியது:

கண்டக்டர் ஐயா எழுதியதை ரசித்துத்தான் படித்தேன். ஆனால் தலைக்கட்டு வரி என்றதும் எங்கள் தெருவில் வேறு ஞாபகம் வரும்.

சிவகங்கை மாவட்டத்துக்காரன் நான். எங்கள் தெருவில் வரி வாங்க மாட்டார்கள். நாங்கள் குடுக்க மறுத்ததில்லை, வாங்க மறுத்தார்கள். வாங்கினால் பங்கு தர வேண்டும், திருநீறு தர வேண்டும், கூட்டத்தில் உட்கார இடம் தர வேண்டும். எங்கள் அப்பா தலைமுறையில் பணத்தைத் துண்டில் முடிந்துகொண்டு போய்க் கொடுத்தபோது, "உங்களுக்கெல்லாம் எதுக்குய்யா சிரமம்" என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். வசவைவிட அந்த மரியாதை வலிக்கும். கணவன் இறந்த வீட்டுக்குப் பாதி வரி என்பதும் எங்கள் பக்கத்து ஊர்களில் உண்டு. பாதி வரி என்றால் பாதி ஆள்.

எங்கள் மாவட்டத்துக் கண்டதேவிக் கோயில் தேரை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு நாட்டாருக்கு, அதாவது நாலு வட்டாரத்துப் பெரியவர்களுக்கு, நாலு வடம். அந்த வடத்தில் எங்கள் ஆட்கள் கை வைக்கலாமா என்ற கேள்விக்காக எத்தனை வருடம் தேர் நிலையிலேயே நின்றது! 2024 ஜூனில்தான் மறுபடி ஓடியது. வடம் பிடிப்பதும் ஒரு வேலைதான். யாரிடம் வேலை கேட்கிறோம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

அழகர்கோவில் ரோடு அம்மாவுக்கு ஒன்று. "பழைய ஊர்" என்று ஒற்றையாக எழுதியிருக்கிறீர்கள். உள்ளே போய்ப் பாருங்கள், அநேகமாக அங்கே ரெண்டு ஊர் இருக்கும், ரெண்டு சுடுகாடும் இருக்கும். நீங்கள் எந்த ஊர்க்காரராக ஆகப் போகிறீர்கள்? மண்டகப்படி வழியாகப் போனால் ஒரு பக்கத்துக்குத்தான் போய்ச் சேருவீர்கள். 1997-இல் அரசு சமத்துவபுரம் என்று ஆரம்பித்ததே இதனால்தான். நூறு வீட்டில் இத்தனை வீடு இன்னாருக்கு என்று விகிதம் போட்டு, பொதுவான சுடுகாடு வரைக்கும் சேர்த்துத் திட்டம் போட்டார்கள். முதலாவது உங்கள் மாவட்டத்திலேயே, திருமங்கலம் பக்கம் மேலக்கோட்டையில். வீட்டை அடுத்தடுத்து வைத்தால் மட்டும் போதாது என்று அங்கே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் வீடே அடுத்தடுத்து இல்லை என்றால் பேச்சே ஆரம்பிக்காது.

என் யோசனை கிராம சபை. உங்கள் லேஅவுட் ஊராட்சிக்குள்தான் இருக்கிறதென்றால், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. 501 முதல் 3000 பேர் உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். அந்த நூறு பேருக்கு ஊராட்சிச் செயலர் அலைவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் முப்பது பேர் போய் உட்கார்ந்தால் உங்களைக் கவனிக்காமல் இருக்க முடியாது. ரெண்டு ஊரும் ஒரே பந்தலில் உட்காரும் இடமும் அதுதான். 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்ததும் உங்கள் பக்கமெல்லாம் தலைவருக்குப் பதில் தனி அலுவலரைப் போட்டார்கள். அதனால் போகாமல் இருந்துவிடாதீர்கள், தீர்மானம் தீர்மானம்தான்.

ஆனால் அதற்கு முன்னால்: உங்கள் ஓட்டு எங்கே இருக்கிறது? சிம்மக்கல்லிலா? அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால்தான் கிராம சபையில் நீங்கள் உறுப்பினர். முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. லேஅவுட்டில் எத்தனை பேர் ஓட்டை இன்னும் பழைய ஏரியாவிலேயே வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.


பாளை_கண்டக்டர் எழுதியது:

கிழக்குத்தெரு தம்பி, நீங்க சொன்னதுல ஒரு எழுத்துகூட மறுக்க மாட்டேன். எங்க ஊர் நோட்டுலயும் எல்லாத் தெருவும் கிடையாது. அந்த நோட்டுக்கு இருந்த பவரைப் பாத்தவன்கிறதுனாலதான் காலனி நோட்டை வேற மாதிரி போட்டேன். எங்க நோட்டுல கோயில்ங்கிற பேச்சே இல்ல. மோட்டாரு, லைட்டு, சாக்கடை. எங்க காலனியில வேதக்காரங்க, அதான் கிறிஸ்தவங்க, பாதி, மேலப்பாளையத்துல இருந்து வந்த பாய் வீடுகளும் உண்டு. தண்ணிக்கு ஏது சாமி? விநாயகர் சதுர்த்திக்கு வசூல் பண்ணணும்னு சில பேரு வந்தாவ. "தனி நோட்டுப் போட்டுப் பண்ணுங்க, இந்த நோட்டைத் தொடாதீங்க"ன்னுட்டேன். ஒரு வருசம் என்கூடப் பேசல.

அரை வரி கிடையாது. தனியா இருக்க பொம்பளையானாலும் அம்பது, வால்வுக் கம்பியும் வரும்.


பதினோரு_மாசம் எழுதியது:

வாடகைக்கு இருக்கறவங்க சார்பா ஒரு குரல். நான் கோயம்புத்தூர் சரவணம்பட்டிப் பக்கம். பேரே சொல்லுதே, எங்க வாழ்க்கை பதினோரு மாச அக்ரிமெண்ட்.

எங்க லேஅவுட் வாட்ஸ்அப் குரூப்புல ஓனருங்களை மட்டும்தான் சேப்பாங்க. எங்க ஓனர் சென்னையில இருக்காரு. இங்க தண்ணி வரலைன்னா நான் அவருக்குப் போன் பண்ணணும், அவரு குரூப்புல போடணும், அதைப் பாத்துட்டு எங்க எதிர்வீட்டுக்காரர் மோட்டார் போடணும். எதிர்வீட்டுக்கும் எனக்கும் நடுவுல பன்னெண்டு அடி ரோடுதானுங்க. போன தடவை அவரே கேட்டைத் திறந்து "ஏம்மா, நேரா சொல்ல வேண்டியதுதானே"ன்னாரு. எப்படிங்க சொல்றது, நான் அந்த லிஸ்ட்டுலயே இல்லையே.

சங்கம் பதிவு பண்ணியிருந்தா உங்க பைலாவை, அதான் சங்க விதிகளை, எடுத்துப் பாருங்க. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ல ஏழு பேர் சேந்தா சங்கம் பதிவு பண்ணலாம்; யார் உறுப்பினர்ங்கறதை நம்ம பைலாதான் சொல்லுது. பெரும்பாலான லேஅவுட்டுல புரோமோட்டர் ஆபீஸ்ல குடுத்த மாதிரியையே வெச்சு "மனை உரிமையாளர்"னு போட்டுடறாங்க. அதை "குடியிருப்பவர்"னு மாத்த ஒரு பொதுக்குழு கூட்டி, சிறப்புத் தீர்மானம் போட்டு, மாவட்டப் பதிவாளர்கிட்ட தாக்கல் பண்ணினா ஆச்சு. ஓனருங்க கையெழுத்துப் போடுவாங்களான்னு கேட்டா, அது வேற கதை.

அம்பது ரூபா கேட்டு எங்க வாசலுக்கு யாராவது வந்தா, சத்தியமா, முதல்ல டீ போட்டுக் குடுப்பேன்.


ஓஎம்ஆர்_எட்டாவது_பிளாக் எழுதியது:

நான் கண்ணகி நகர். 2000-க்கு அப்புறம் கூவம், அடையாறு ஓரம், நடுச் சென்னைன்னு எங்கெங்கயோ இருந்த எங்களைத் தூக்கினு வந்து ஒக்கியம் துரைப்பாக்கத்துல போட்டாங்க. ஆரம்பத்துல கட்டுனது இருநூறு சதுர அடிகூட இல்லாத வீடு. நீங்க காசு குடுத்து வாங்கிப் போன இடத்துலயே ஒட்டலைன்னு சொல்றீங்க. எங்களை யாரும் கேக்கவே இல்ல.

எங்க பிளாக்குல படிக்கட்டுக்கு ஒரு ஏரியாக்காரங்க. யாருக்கும் யாரையும் தெரியாது. ஆடி மாசம் கூழ் ஊத்த எங்க ஆயா பழைய ஏரியா அம்மன் கோயிலுக்கே ரெண்டு பஸ் மாறிப் போகும். உங்க அழகர் கதை மாதிரியேதான். வேலைக்குப் போனா "கண்ணகி நகர்"னு சொல்லக் கூடாது, "துரைப்பாக்கம்"னு சொல்லணும். கண்ணகி நகர்னு சொன்னா, "கூப்பிட்டுச் சொல்றோம்"னு அனுப்பிடுவான்.

2020-ல சுவரெல்லாம் பெரிய பெரிய ஓவியம் வரைஞ்சாங்க. நல்லாத்தான் இருந்துச்சு, போட்டோ எடுக்க வெளியாளுங்க வந்தாங்க. எனக்கு அதைவிட கபடிதான் பெருசு. கிரவுண்டுனு சொல்லவே முடியாத எடத்துல பொண்ணுங்க விடியக்காலையில ஆடுவாங்க. அம்மாங்க வீட்டு வேலைக்குப் போற முதல் பஸ்ஸைப் புடிக்கறதுக்கு முன்னாடி நின்னு பாத்துட்டுப் போவாங்க. எந்தப் படிக்கட்டுப் பொண்ணு நல்லா ரெய்டு போகுதுன்னு பிளாக்கே பேசும். 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய யூத் கேம்ஸ்ல பொண்ணுங்க கபடியில இந்தியா தங்கம் வாங்குச்சே, அந்த டீம்ல எங்க கார்த்திகா. ஊரே "கண்ணகி நகர் கார்த்திகா"ன்னுச்சு. அவங்க வந்து எறங்குன அன்னிக்கு, இத்தினி வருசமா துரைப்பாக்கம்னு சொல்லினு இருந்த எங்க மாமா, ஆட்டோ பின்னாடி கண்ணகி நகர்னு ஸ்டிக்கர் ஒட்டிக்கினாரு.

தண்ணி, வேலை எல்லாப் பிரச்சினையும் அப்படியேதான் இருக்கு, அதையும் எழுதிக்கோங்க. ஸ்டிக்கர் ஒட்டுனதால தண்ணி லாரி சீக்கிரம் வந்துடல.


அழகர்கோவில்_ரோடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் எழுத முடியல, ரெண்டு மூணு வேலை பாத்துட்டுத்தான் எழுதணும்னு இருந்தேன்.

கிழக்குத்தெரு தம்பி, ஓட்டை எண்ணினேன். எங்க தெருவுல பாதிக்கு மேல பழைய ஏரியாவுலதான். எங்க வீட்டுலயே நானும் அவரும் மாத்தல. படிவம் 8 போட்டாச்சு. பழைய ஊருக்குள்ள ரெண்டு ஊர் இருக்குங்கறதும் சரிதான். காய்கறி வாங்கப் போற வழி ஒண்ணுதான் எனக்குத் தெரியும், இன்னொரு பக்கம் இத்தனை வருசத்துல போனதே இல்ல. 26-ம் தேதி கிராம சபைக்குப் போறோம். முப்பது பேர் தேறாது, பத்துப் பன்னெண்டு பேர் வரேன்னு சொல்லியிருக்காங்க.

ஆர்கெஸ்ட்ராவை நிறுத்த முடியல, அட்வான்ஸ் குடுத்துட்டாங்களாம். போகட்டும். நோட்டு மட்டும் எங்க தெருவுக்குப் போட்டுப் பாக்குறேன்னு செயலாளர்கிட்ட கேட்டேன். "வாடகைக்காரங்ககிட்டயா? ஓனர் சண்டைக்கு வருவாங்க மேடம்"னார். ஒரு தெருவுக்குத்தானேன்னு சம்மதிக்க வெச்சேன். எங்க தெருவுல லைட் எரியாத கம்பம் ஒண்ணு இருக்கு, அதுக்காக வீட்டுக்கு முப்பது ரூபா.

கடைசி வீட்டுல கதவைத் திறந்த பொண்ணு, "நாங்க ஏப்ரல்ல காலி பண்றோம்க்கா, பரவாயில்லையா?"ன்னு கேட்டுச்சு. ஏப்ரல் வரைக்கும் இருட்டுலயா நடப்பேன்னு சொன்னதும் முப்பது ரூபாயை எடுத்துட்டு வந்து, எரியாத கம்பம் ஒண்ணு இல்ல, ரெண்டுன்னு சொல்லுச்சு. அது நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்ற பொண்ணு, அதுக்குத் தெரிஞ்சிருக்கு.

கண்டக்டர் அண்ணே, ரெண்டு சந்தேகம். ஒண்ணு, பாதிப் பேர் கையில சில்லறை இல்ல, ஜி-பே நம்பர் குடுங்கன்னு கேக்குறாங்க. குடுக்கலாமா? ரெண்டு, கதவே திறக்காத வீட்டை என்ன பண்றது?


பாளை_கண்டக்டர் எழுதியது:

ஜி-பே வாங்கிக்கிடுங்க தங்கச்சி, காலம் அப்படி. ஆனா வாசல்ல நின்னு வாங்குங்க. "அனுப்பிட்டேன்"னு மெசேஜ் போட்டா நோட்டுல ஏத்தாதீங்க, நேர்ல போயி பேரைக் கேட்டு ஏத்துங்க. சில்லறைப் பை ஒண்ணு கூடவே வச்சுக்கிடுங்க, நூறா நீட்டுதவங்களுக்கு.

திறக்காத வீட்டுக்குப் பேருக்குப் பதிலா ஒரு கோடு போட்டு விட்ருங்க. அடுத்த மாசமும் போங்க. எங்க காலனியில இன்னமும் கோடா இருக்க வீடு மூணு உண்டு. அதுல ஒரு வீட்டுல, நான் வாறது தெரிஞ்சா டிவி சத்தத்தைக் குறைப்பாவ.